நெருப்புநரிக்கு மாறுவதா வேண்டாமா? மாறத்தான் வேணும்!

"குரோம் நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்குய்யா மாத்தணும்?"

உலாவியைப் பத்திப் பேச்செடுத்தாலே வர்ற முதல் கேள்வி இதுதான். கேட்கிறவங்க ஒண்ணும் கணினி தெரியாத அப்பாவிகள் இல்லை. 2005, 2006 வாக்குல "எக்ஸ்ப்ளோரரைத் தூக்கிக் கடாசுங்க, நெருப்புநரிக்கு வாங்க"ன்னு பதிவு மேல பதிவு போட்ட அதே மகராசனுங்க. பக்கவாட்டுல நெருப்புநரி பொத்தான் வெச்சு அழகு பார்த்தவங்க. இன்னைக்கு அவங்களைத்தான் வம்புக்கு இழுக்கப் போறேன். கோபம் வந்தா பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு :-)

பழைய கதையைக் கொஞ்சம் ஞாபகப்படுத்துறேன். எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது 2001ல. விண்டோஸ் கூடவே ஒட்டிக்கிட்டு வந்ததால ஊரெல்லாம் அதுதான். பத்துப் பேர்ல ஒன்பது பேர் அதைத்தான் வெச்சிருந்தாங்க. போட்டிக்கு ஆள் இல்லைன்னதும் என்ன ஆச்சு? அடுத்த பதிப்பான 7 வர்றதுக்கு 2006 அக்டோபர் ஆயிடுச்சு. அஞ்சு வருஷம்! அதுவும் 2004 நவம்பர்ல நெருப்புநரி 1.0 வந்து ஆட்களை இழுக்க ஆரம்பிச்ச பிறகுதான் அந்த நிறுவனம் சோம்பல் முறிச்சு எழுந்துச்சு.

நாம பட்ட பாடு இன்னும் தனி. பத்திரிகைத் தளங்கள் ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியீடு வெச்சிருந்த காலம். 'டைனமிக் ஃபான்ட்'னு ஒரு வித்தை, எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் வேலை செய்யும். வேற உலாவியில திறந்தா ஜிலேபியைப் பிய்ச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அதை யூனிகோடுக்கு மாத்திக் காட்ட நெருப்புநரியில 'பத்மா'ன்னு ஒரு நீட்சி வந்தது. அதைப் போட்டுக்கிட்டு செய்தி படிச்சவங்க இங்க நிறைய பேர் இருப்பீங்க.

நெருப்புநரியும் அப்போ ஒண்ணும் உத்தமபுத்திரன் இல்லை. பத்தியை ரெண்டு பக்கமும் சமமா இழுத்து 'ஜஸ்டிஃபை' பண்ணா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் ஓடும். "தயவுசெஞ்சு ஜஸ்டிஃபை பண்ணாதீங்க"ன்னு ஒருத்தருக்கொருத்தர் கெஞ்சிக்கிட்ட காலம் அது. 2008 ஜூன்ல பதிப்பு 3 வந்துதான் அந்தத் தலைவலி தீர்ந்தது. ஆனா ஒரு வித்தியாசம். அந்த வழுவை எல்லார் கண்ணுக்கும் தெரியுற மாதிரி பதிய ஒரு பொது இடம் இருந்தது. மூல நிரலும் திறந்து கிடந்தது. எக்ஸ்ப்ளோரர்ல வழு இருந்தா யார்கிட்ட போய் அழுவீங்க?

அதே 2008 செப்டம்பர்ல குரோம் வந்தது. வேகமா இருந்தது. ஒரு தாவல் படுத்தா மத்த தாவல் எல்லாம் கூடவே படுக்காம தனித்தனியா ஓடிச்சு. நல்ல சரக்கு, ஜனங்க மாறினாங்க. அதுல எனக்கு எந்தப் புகாரும் இல்லை. அதுக்கப்புறம் நடந்ததுதான் புகார்.

இன்னைக்கு உலகத்துல மூணுல ரெண்டு பேர் கையில குரோம். "அப்போ மிச்சம் ஒரு பங்கு வேற வேற உலாவிதானே"ன்னு சமாதானம் ஆகாதீங்க. ஆபரா 2013லேயே தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டு குரோமியத்துக்குப் போயிடுச்சு. மைக்ரோசாஃப்டே தன் எட்ஜை 2020 ஜனவரியில குரோமியத்துக்கு மாத்திடுச்சு. பிரேவ், விவால்டி, சாம்சங் உலாவி எல்லாமே அதே மாவுல சுட்ட வேற வேற பலகாரம். பெரிய அளவுல புழங்குற எந்திரம்னு பார்த்தா மூணுதான்: கூகிளோட பிளிங்க், ஆப்பிளோட வெப்கிட், மொசில்லாவோட கெக்கோ. இதுல கடைசி ஒண்ணுதான் விளம்பரக் கம்பெனி கையிலும் இல்லாம, கைபேசிக் கம்பெனி கையிலும் இல்லாம இருக்கு. நெருப்புநரியோட பங்கு எல்லாக் கருவிகளையும் சேர்த்தா 3 சதவீதத்துக்கும் கீழ. இதுக்குத்தானா அன்னைக்கு அந்தக் கூப்பாடு போட்டோம்?

"இருந்துட்டுப் போகட்டுமே, கூகிள் என்ன பண்ணிடும்?"

என்ன பண்ணுச்சுன்னு வரிசையா சொல்றேன்.

2018ல குரோம் 69. ஜிமெயில்ல நுழைஞ்சா போதும், உங்களைக் கேட்காமலே உலாவியிலும் உங்க கணக்கை ஏத்தி வெச்சது. ஆளாளுக்குக் கத்தினதும் அடுத்த பதிப்புல அதை அணைக்க ஒரு வழி குடுத்தாங்க.

2020 ஜனவரியில, பின்னாடியே மோப்பம் பிடிச்சு வர்ற மூன்றாம் தரப்புக் குக்கீகளை ரெண்டு வருஷத்துல ஒழிக்கிறோம்னு வாக்கு. தள்ளிப்போட்டு, தள்ளிப்போட்டு, 2024 ஜூலையில "ஒழிக்கலை, விடுங்க"ன்னு பல்டி. சஃபாரி அதே வேலையை 2020 மார்ச்லயே முடிச்சாச்சு. நெருப்புநரி 2022 ஜூன்ல இருந்து ஒவ்வொரு தளத்தோட குக்கீயையும் தனித்தனி டப்பாவுல போட்டு மூடி வைக்குது. அவங்களால முடிஞ்சது கூகிளுக்கு ஏன் முடியலை? விளம்பரம் விக்கிறவன்கிட்டயே பூட்டு செய்யக் குடுத்தா இப்படித்தான்.

2023 ஜூலையில இன்னொரு கூத்து. உங்க கருவியும் உலாவியும் 'அசல்'தானான்னு தளங்கள் சான்றிதழ் கேட்டு வாங்குற மாதிரி ஒரு திட்டம் கொண்டு வந்தாங்க. எதிர்ப்பு பலமா கிளம்பினதும் நவம்பர்ல கைவிட்டாங்க. அன்னைக்கு எதிர்க்க வேற உலாவிக்காரங்க இருந்தாங்க. அவங்களும் இல்லாத நாளை யோசிச்சுப் பாருங்க.

கடைசியா எனக்கு ரொம்ப எரிச்சல் குடுத்தது, விளம்பரத் தடுப்பான் சமாசாரம். பழைய முறையில, பக்கம் ஏதாவது ஒண்ணை இழுக்கப் போகும்போது நீட்சி குறுக்க நின்னு, "இது விளம்பரம், போகக்கூடாது"ன்னு அந்த நிமிஷமே தடுக்கும். புது முறையில நீட்சி தன்னோட விதிகளை முன்கூட்டியே பட்டியலா எழுதி உலாவிகிட்ட ஒப்படைச்சுட்டு ஓரமா உட்காரணும். பட்டியலுக்கும் அளவு உண்டு. பாதுகாப்புக்கும் வேகத்துக்கும்தான் இப்படின்னு கூகிள் சொல்லுது. கண்ட கண்ட நீட்சிகள் நாம பாக்கிறதை எல்லாம் எட்டிப் பாக்கிறது ஆபத்துதான், அதுல நியாயம் இருக்கு. ஆனா விளைவு என்ன? 'யூபிளாக் ஆரிஜின்' 2025க்குள்ள குரோம்ல முடக்கப்பட்டாச்சு. இப்போ 'லைட்'னு ஒரு சின்னத் தம்பி இருக்கான். பரவாயில்லாம வேலை பாக்கிறான், ஆனா அண்ணன் பலம் தம்பிக்கு இல்லை. அந்த அண்ணன் நெருப்புநரியில இன்னும் முழு பலத்தோட இருக்கார்.

இனி வழக்கமான சால்ஜாப்புகள்.

"நெருப்புநரியே கூகிள் காசுலதானே ஓடுது?" ஆமா. மொசில்லாவோட வருமானத்துல பெரும்பகுதி, கூகிளை இயல்புத் தேடுபொறியா வெச்சதுக்காக வர்ற பணம். அதை நிறுத்தினா நெருப்புநரி இழுத்து மூட வேண்டி வரலாம்னு அவங்க நிதித் தலைவரே 2025ல அமெரிக்க நீதிமன்றத்துல சொன்னார். தேடல்ல கூகிள் சட்டவிரோதமா ஏகபோகத்தைக் காப்பாத்திக்கிச்சுன்னு 2024 ஆகஸ்ட்ல தீர்ப்புச் சொன்ன அதே வழக்குல. குரோமை விக்கத் தேவையில்லைன்னு 2025 செப்டம்பர்ல முடிவாச்சு. ஆக, நீதிமன்றம் வந்து நம்ம உலாவியை மாத்தித் தராது. எதிராளியோட காசுல உயிர் வாழுறவனைக் குறை சொல்லிக்கிட்டே அந்த எதிராளி வீட்டுலயே குடியிருக்கறது என்ன நியாயம்?

"மொசில்லாவும் சொதப்புறாங்களே?" சொதப்பத்தான் செய்யறாங்க. 2020ல சுமார் 250 பேரை வேலையை விட்டு அனுப்பினாங்க. 2025 பிப்ரவரியில பயன்பாட்டு விதிகளைக் குழப்பமா எழுதி, வாங்கிக் கட்டிக்கிட்டுத் திருத்தினாங்க. நான் கோயில் கட்டச் சொல்லலை, உலாவியை மாத்தத்தான் சொல்றேன்.

"சில தளங்கள் நெருப்புநரியில திறக்கலையே?" இதுதான் எனக்கு உண்மையிலேயே கொதிக்கிற இடம். போன மாசம் ஒரு காப்பீட்டுத் தவணை கட்டப் போனா, "இத்தளம் குரோமில் மட்டுமே இயங்கும்"னு ஒரு அறிவிப்பு. தன் பேரு குரோம்னு பொய் சொல்ற நீட்சி ஒண்ணைப் போட்டேன். அதே தளம், அதே நெருப்புநரி, ஒரு குறையும் இல்லாம பணம் கட்டியாச்சு. அதாவது தளத்துல பிரச்சினையே இல்லை. சோதிச்சுப் பாக்கச் சோம்பேறித்தனம், அதை மறைக்க ஒரு பலகை. "3 சதவீதத்துக்காக யாரு மெனக்கெடுவா"ன்னு அவங்க நினைக்கிறாங்க. பலகை மாட்டுறதால 3 ரெண்டாகும், ரெண்டு ஒண்ணாகும்.

இந்தக் கூத்தைத் தென்கொரியா அனுபவிச்சுப் பார்த்துடுச்சு. 1990களின் கடைசியில வங்கிப் பாதுகாப்புக்குன்னு ஆக்டிவ்எக்ஸைக் கட்டிக்கிட்டாங்க. அது எக்ஸ்ப்ளோரர்ல மட்டும் ஓடும். உலகமே வேற உலாவிக்குப் போன பிறகும் பணம் அனுப்ப எக்ஸ்ப்ளோரரைத் தேடி ஓடினாங்க. மைக்ரோசாஃப்ட் 2022 ஜூன்ல எக்ஸ்ப்ளோரருக்கே மூடுவிழா நடத்திடுச்சு. ஒரே உலாவியை நம்பி ஊரைக் கட்டினா, அந்த உலாவிக்காரன் கடையை மூடுற நாள்ல ஊரே தெருவுக்கு வரும்.

மாறுறது ஒண்ணும் மலையைப் புரட்டுற வேலை இல்லை. நெருப்புநரியை நிறுவினா புத்தகக்குறி எல்லாத்தையும் குரோம்ல இருந்து அதுவே இழுத்துக்கும். ஆண்ட்ராய்டு கைபேசியிலும் போடுங்க. விளம்பரத் தடுப்பானை அங்கயும் சேர்க்கலாம், கைபேசிக் குரோம்ல நீட்சி போடவே வழி இல்லை. ஐபோன்காரங்க மட்டும் கொஞ்சம் பாவம். நம்ம ஊர்ல அதுல எந்த உலாவியை இறக்கினாலும் உள்ள ஓடுறது வெப்கிட்தான். அலுவலகக் கணினியில ஆணி பிடுங்க குரோம்தான் வேணும்னா இருக்கட்டும், வீட்டுல மாத்துங்க.

அப்புறம் முக்கியமா, நம்மள்ல பாதிப் பேர் தளம் கட்டித்தான் சோறு சாப்பிடறோம். கட்டுற ஒவ்வொரு பக்கத்தையும் நெருப்புநரியில ஒரு தடவை திறந்து பாருங்க. பத்து நிமிஷ வேலை. "குரோமில் மட்டும்"னு பலகை மாட்டச் சொல்ற மேலாளர்கிட்ட முடியாதுன்னு சொல்லுங்க. அதைச் செய்யாம 2005ல போட்ட பதிவுகளைப் பெருமையாப் பேசிக்கிட்டிருந்தா, மன்னிக்கணும், அதுக்குப் பேரு மலரும் நினைவுகள். கொள்கை இல்லை.

பி.கு.: "சஃபாரி இருக்கே"ன்னு வர்ற ஆப்பிள் அன்பர்களுக்குத் தனிப் பதிவு வரும். பொறுமை காக்கவும் :-)