வலி நின்றுவிட்டதா? சந்தேகப்படுங்கள்!

வியாழக்கிழமை இரவு அப்பாவிடம் போனில் பேசினேன். சுங்கை பட்டாணியில் இருக்கிறார். "பல்வலின்னு சொன்னீங்களே, எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"அது நின்னு போச்சும்மா. ஈறுல பரு மாதிரி ஒண்ணு வந்துச்சு, தானா உடைஞ்சிருச்சு. உப்புத் தண்ணி கொப்பளிச்சேன், சரியாப் போச்சு" என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. எனக்கோ வயிற்றைக் கலக்கியது. "சரியாப் போச்சு" என்று இரண்டு வருடத்திற்கு முன் நானும் சொன்னேன்.

எனக்கு வந்தது கீழ்வரிசையில், வலது பக்கக் கடைவாய்ப்பல்லில். முதலில் ஐஸ் தண்ணீர் பட்டால் கூசியது. பிறகு சூடான காப்பி பட்டால் காது வரை சுளீரென்று இழுத்தது. இரவில் படுத்தால் போதும், பல்லுக்குள் யாரோ உறுமி மேளம் அடிப்பதுபோல இருக்கும். அதிகாலை 4 மணிக்கு எழுந்து நிலையத்துக்குப் போகிறவளுக்குத் தூக்கமும் போனால் எப்படி? அம்மா கிராம்பை வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தேன். உடன் தங்கியிருந்த தோழி, தன் தொண்டை வலிக்கு வாங்கி மிச்சமிருந்த ஆன்டிபயாட்டிக் மாத்திரைகளைக் கொடுத்தாள். அதையும் விழுங்கினேன். நான்காம் நாள் வலி போயே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில் நண்பர்களுக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாய் வாங்கிக் கொடுத்தேன் என்றால் பாருங்கள்.

இரண்டு மாதம் கழித்து, தீபாவளி நெருங்கிய நேரத்தில், ஒரு நாள் காலை கண்ணாடியில் பார்த்தால் பாதி முகம் வேறு யாருடையதோ போல இருந்தது. தாடை வீங்கி, வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது. வானொலியில் முகம் தெரியாது என்ற தைரியத்தில் நிகழ்ச்சிக்குப் போய் உட்கார்ந்தேன். "அக்கா, வாயில என்ன வடையா?" என்று ஒரு நேயர் வாட்ஸ்அப் அனுப்பினார். ஒன்பது மணிக்கு மைக்கை அணைத்துவிட்டு நேரே பல் டாக்டரிடம் ஓடினேன்.

ஏன் அதற்கு முன்பே போகவில்லை என்று கேட்பீர்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தபோது பல் கிளினிக் வேன் வந்து நிற்குமே, அந்த நாளில் கழிவறையில் ஒளிந்துகொண்டவள் நான். மிஸ்ஸி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போவார். அந்த பயம் இன்னும் போகவில்லை.

டாக்டர் எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். வேரின் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல். "நாலாம் நாள் வலி நின்னுச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்குத்தான் பல்லோட நரம்பு செத்திருக்கும்" என்றார்.

அவர் சொன்னது இதுதான். சொத்தை பல்லின் நடுவே இருக்கும் சதை வரை போனால் கிருமி உள்ளே நுழைகிறது. அந்தச் சதை வீங்கும். சுற்றிலும் கெட்டியான பல், வீங்க இடமில்லை. அதனால்தான் அந்தக் கொடூர வலி. ஒரு கட்டத்தில் நரம்பும் ரத்தக் குழாயும் செத்துவிடுகின்றன. உணர்வே இல்லாதபோது வலி எங்கிருந்து வரும்? ஆனால் கிருமி அங்கேயே குடியிருக்கும். வேரின் நுனி வழியாக இறங்கி, தாடை எலும்பைக் கரைத்து, சீழ் கட்டும். சில சமயம் அந்தச் சீழ் ஈறில் பருவாக வெளியேறும். அழுத்தம் குறைவதால் வலியும் குறையும். நாம் குணமாகிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. மருந்து ரத்தத்தில்தான் போகிறது. செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டமே இல்லை. வீக்கம் பரவும்போதும் காய்ச்சல் வரும்போதும் டாக்டர் ஆன்டிபயாட்டிக் கொடுப்பார், எனக்கும் கொடுத்தார். ஆனால் சீழை வெளியேற்றி, பல்லின் உட்புறத்தைச் சுத்தம் செய்யவேண்டும், இல்லாவிட்டால் பல்லைப் பிடுங்கவேண்டும். மூன்றாவது வழி கிடையாது. கிராம்பு எண்ணெய் கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான்.

அன்று பல்லில் துளையிட்டதும் சீழ் வந்தது. நாற்றத்தை நான் வர்ணிக்க வேண்டாம், நீங்கள் பசியாறிக்கொண்டிருக்கலாம். ஐந்து நிமிடத்தில் தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது.

பிறகு மூன்று தடவை போய் ரூட் கேனல் முடித்தேன். வேருக்குள் அடைத்த பொருளின் பெயர் குட்டா பெர்ச்சா. மலாய்ச் சொல்லான கெத்தா பெர்ச்சாதான் அது! நம் காட்டு மரம் ஒன்றின் பால். 1851-ல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கடலடியில் போட்ட தந்திக் கம்பிக்கும் இதுதான் உறை. பால்மரம் வெட்டிய தாத்தாவின் பேத்தி வாய்க்குள் ஒரு மரத்துப் பால் வந்து சேர்ந்ததை நினைத்து, பில்லைப் பார்க்கும்வரை சிரித்துக்கொண்டிருந்தேன். மேலே போட்ட உறைப்பல்லோடு சேர்த்து இரண்டாயிரம் வெள்ளியைத் தாண்டியது. முதல் கூச்சத்திலேயே போயிருந்தால் ஒரு சாதாரண அடைப்போடு முடிந்திருக்கும்.

டாக்டரைப் பார்க்கும்வரை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கலாம், கன்னத்தின் வெளியே ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். பெரியவர்கள் பாராசிட்டமால் 500 மில்லிகிராம் மாத்திரையை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போடக்கூடாது. கல்லீரல் பிரச்சினை இருப்பவர்கள் டாக்டரைக் கேட்டுத்தான் போடவேண்டும். காய்ச்சலும் இருந்து, டெங்கியாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் ஐபுபுரூஃபன் பக்கம் போகவே வேண்டாம். ஆஸ்பிரினை ஈறில் வைத்து அழுத்தும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, ஈறு வெந்துபோகும். பருவை ஊசியால் குத்தாதீர்கள்.

வீக்கம் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், வாய் திறக்க முடியாவிட்டால், எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால், குளிர்க்காய்ச்சல் வந்தால் பல் கிளினிக்குக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. நேரே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போகவேண்டும், இல்லையென்றால் 999. தாடைக்கு அடியில் பரவும் வீக்கம் மூச்சுக்குழாயையே அடைத்துவிடக்கூடியது. அன்று வாய் திறக்காமல் நிகழ்ச்சி செய்த என்னை டாக்டர் திட்டியதில் நியாயம் இருந்தது.

அப்பாவுக்கு இனிப்பு நீர் வேறு. போனை வைக்கும் முன் யதார்த்தமாகச் சொன்னார்: "சோத்தக் கூட குறைச்சிட்டேன்மா, ஆனா சுகர் மட்டும் ஒரு மாசமா ஏறிக்கிட்டே இருக்கு." சீழ் உடம்பில் இருந்தால் சர்க்கரை ஏறலாம், சர்க்கரை ஏறினால் சீழ் ஆறாது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை போகும். அவருக்கு அது தெரியாது, பாவம்.

உடனே தம்பிக்குப் போன் போட்டேன். வெள்ளியும் சனியும் அங்கே விடுமுறை, வீக்கமோ காய்ச்சலோ வந்தால் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடு என்றேன். கெடாவில் ஞாயிறு வேலை நாள். நீங்கள் இதைப் படிக்கும் இந்நேரம் அப்பா அரசாங்கப் பல் கிளினிக்கில் நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். "வலியே இல்லாத பல்லுக்கு எதுக்குடா கிளினிக்கு?" என்று தம்பியைக் கேட்டுக்கொண்டிருப்பார். அவன் கையில் இந்தப் பேப்பரைக் கொடுத்தனுப்பச் சொல்லியிருக்கிறேன்.