மணலில் எழுதிய மூன்று எழுத்து

சென்ற மாதம் என் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு சதுரங்கப்பட்டினம் போயிருந்தேன். மாமல்லபுரத்துச் சிற்பங்களைக் காண வருகிறவர்களில் அநேகர், சற்றுத் தெற்கே இருக்கும் இந்த ஊரை எட்டிப் பார்ப்பதில்லை. கடலைப் பார்த்தபடி டச்சுக்காரர் கோட்டை ஒன்று இடிந்து கிடக்கிறது. உள்ளே அவர்களுடைய கல்லறைகள். கற்களில் அழகான வேலைப்பாடு; எழுத்துக்கள் மட்டும் நமக்குப் புரியாத டச்சு.

பிள்ளைகளில் ஒருவன் கேட்டான்: "ஸார்! இது ராஜா கட்டிய கோட்டையா?"

"இல்லையப்பா, ஒரு கம்பெனி கட்டியது" என்றேன்.

"கம்பெனி என்றால் அதற்கு ஒரு முத்திரை இருக்குமே?"

கேள்வி நியாயமானது. சோப்புக் கட்டி முதல் மோட்டார் வண்டி வரையில் முத்திரை இல்லாத பொருளை இந்தப் பிள்ளைகள் கண்டதில்லை. கடற்கரையில் ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினேன். பெரிதாக ஒரு 'வி'. அதன் இடது கையில் ஓர் 'ஓ', வலது கையில் ஒரு 'சி'. 1602இல் தோன்றிய ஐக்கிய கிழக்கிந்தியக் கம்பெனியின் டச்சுப் பெயரிலுள்ள முதலெழுத்துக்கள் இவை. அந்தக் கம்பெனிக்கு ஹாலந்து தேசத்தில் ஆறு கிளைகள் இருந்தன. சரக்கு எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று தெரிவதற்காக, ஊரின் முதலெழுத்தை மேலே சேர்ப்பதுண்டு. ஆம்ஸ்டர்டாம் என்றால் ஓர் 'ஏ'.

ஆங்கிலேயர் கம்பெனிக்கும் ஒரு முத்திரை இருந்தது. இருதய வடிவம், அதன் தலையில் நாலு என்ற இலக்கத்தைப் போல ஒரு கோடு, உள்ளே எழுத்துக்கள். துணி மூட்டைகளின்மேல் போட்டதனால் அதற்கு 'மூட்டைக் குறி' என்றே பெயர். பல வியாபாரிகளின் சரக்கு ஒரே கப்பலில் ஏறும்போது, எழுதப் படிக்கத் தெரியாத கூலியாளும் ஒரு பார்வையில் பிரித்து எடுக்க வேண்டும் அல்லவா? வியாபார முத்திரைகளின் பயன் முதலில் இவ்வளவுதான்.

நம் நாட்டிலும் முத்திரைகள் உண்டு. சோழனுக்குப் புலி, பாண்டியனுக்குக் கயல், சேரனுக்கு வில். ஆனால் அவை "இந்த நாடு என்னுடையது" என்று சொன்னவை. மூட்டைக் குறி சொன்னதோ, "இந்த மூட்டை என்னுடையது" என்பதுதான். இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைக் கம்பெனிகள் மெள்ள மெள்ளக் கடந்துவிட்டன. மூட்டையின்மேல் இருந்த குறி ஒருநாள் செப்புக் காசின்மேலும் ஏறியது. வியாபாரியின் குறி காசில் ஏறிய பிறகு அவனை வியாபாரி என்று எப்படிச் சொல்வது?

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இந்தக் கரையிலிருந்து கப்பல் கப்பலாகத் துணி போயிற்று. நூலை நூற்றவள் யார், தறியில் நெய்தவன் யார் என்று எந்த மூட்டையும் சொல்லவில்லை. உழைத்தவன் பெயர் மறைந்தது. வாங்கி விற்றவன் பெயர் நின்றது.

இவ்வாறு நான் சொல்லிக்கொண்டிருக்கையில், எப்போதும் பின்வரிசையில் உட்காரும் பையன் ஒருவன் மணலையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஸார்! வி, ஓ, சி என்றால் நம்முடைய வ.உ.சி. அல்லவா?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை வருஷம் பாடம் சொல்லிக் கொடுத்த எனக்கு இது தோன்றவே இல்லை! தந்தை உலகநாதரின் பெயருக்கு ஆங்கிலத்தில் 'ஓ' போட்டதால் சிதம்பரம் பிள்ளைக்கு அமைந்த எழுத்துக்கள் அவை. தற்செயல்தான். ஆனாலும் எப்பேர்ப்பட்ட தற்செயல்! டச்சுக் கம்பெனி 1658இல் போர்த்துகீசியரிடமிருந்து பிடித்துக்கொண்ட அதே தூத்துக்குடியில்தான், 1906இல் அவர் சுதேசிக் கப்பல் கம்பெனியை ஆரம்பித்தார். வெள்ளைக்காரக் கம்பெனியின் ஏகபோகத்துக்கு எதிராக 'காலியா', 'லாவோ' என்ற இரண்டு கப்பல்களை ஓட்டினார். 1908இல் சிறை புகுந்தார், செக்கிழுத்தார். 1912இல் வெளியே வந்தபோது கப்பலும் இல்லை, கம்பெனியும் இல்லை.

டச்சுக் கம்பெனி சுமார் இருநூறு வருஷம் வாழ்ந்து 1799இல் மறைந்தது. அதன் எழுத்துக்களைப் பழங்காசு சேர்ப்பவர்கள் அறிவார்கள். சிதம்பரனாரின் கம்பெனியோ ஐந்தாறு வருஷம்கூட நிலைக்கவில்லை. ஆனால் அவருடைய எழுத்துக்களைத் தமிழ்நாட்டில் அறியாத குழந்தை உண்டா? 2011 முதல் தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. முன்னதைக் கம்பெனி தானே தன் பொருள்களின்மேல் குத்திக்கொண்டது. பின்னதை ஜனங்கள் தங்கள் நெஞ்சில் பதித்துக்கொண்டார்கள்.

நாங்கள் புறப்படும் சமயம் ஓர் அலை வந்து மணலில் இருந்த எழுத்துக்களை அழித்துவிட்டுப் போயிற்று. அந்தப் பையன் குச்சியை எடுத்து மறுபடியும் எழுதினான். இம்முறை தமிழில்.