வெயில் அடிக்கும்போதே இடி கேட்டால்

மார்ச் முடியப் போகிறது என்றால் என் கைப்பேசியில் செர்ரிப் பூக்கள் நிறையத் தொடங்கிவிடும். அலுவலகத்தில் பாதிப் பேர் கியோட்டோவிலோ சோலிலோ இருப்பார்கள். காலையில் கோட்டு, மதியம் டிசர்ட், மாலையில் திடீர் மழை என்று அங்கிருந்து செய்தி அனுப்புவார்கள். “நமக்கு இதெல்லாம் இல்லையே” என்ற அலுப்பும் கூடவே வரும்.

நமக்கும் இருக்கிறது. தமிழ்க் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சிங்கப்பூரில் அவைதான் இடி மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் நிலைகொள்ளும்வரை காற்றுக்குப் பலமும் இருக்காது, திசையும் இருக்காது. சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே. காலை வெயிலில் தரை கொதிக்கும், கடற்காற்று உள்ளே வந்து மோதும், மதியத்துக்குள் மேகம் கோபுரமாக எழும்பிவிடும். இந்தத் தீவில் ஆண்டுக்கு 160 நாட்களுக்கு மேல் இடி கேட்கிறது. ஏப்ரல், மே, நவம்பர் மாதங்களில் அதிகம்.

காட்டு நடைக்குப் போகிறவர்களுக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. சென்ற ஆண்டு ஏப்ரலில் நான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டேனா என்பதில்கூட சில மாதங்கள் சந்தேகம் இருந்தது.

மெக்ரிட்சியில் இருக்கும் ட்ரீடாப் வாக் தொங்குபாலத்தில் நடக்க வேண்டும் என்று மகள் பல வாரங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து வயது. வகுப்பில் அதைப் பற்றிப் பேசப் போவதாக ஆசிரியையிடமும் சொல்லிவிட்டாள். ஒரு சனிக்கிழமை நான், அவள், அப்பா, என் அலுவலக இளையர்கள் இருவர் என ஐந்து பேர் கிளம்பினோம். “முதலில் பரோட்டா” என்று யாரோ சொல்ல, வீனஸ் டிரைவ் பக்கம் நாங்கள் காட்டுக்குள் நுழைந்தபோது மணி பத்தரை. அன்றைய தவறு அங்கேயே நடந்துவிட்டது. எனக்கு அப்போது அது தவறாகத் தெரியவில்லை.

வழியில் ஒரு குரங்கு அப்பாவின் பிளாஸ்டிக் பையை லாவகமாகப் பிடுங்கிக்கொண்டு போனது. உள்ளே இருந்தது அவருடைய மாற்றுச் சட்டை மட்டும். மோந்து பார்த்துவிட்டுக் கீழே போட்டது. அப்பாவுக்குத்தான் கொஞ்சம் அவமானம். (உணவோ சட்டையோ, எதையும் முதுகுப்பைக்குள் வையுங்கள். பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்பது அவற்றின் முடிவு.)

பாலம் 2004இல் திறக்கப்பட்டது. 250 மீட்டர் நீளம், காட்டுத் தரையிலிருந்து 25 மீட்டர் வரை உயரம். அது ஒருவழிப் பாதை. ஏறினால் திரும்ப முடியாது. தாண்டினால் படிபடியாக நீளும் மரப்பாதை, நினைத்தவுடன் ஓடி நுழைய ஒரு கட்டடம் கிடையாது.

நாங்கள் வாயிலை அடைந்தபோது தலைக்கு மேல் நீலவானம். எங்கோ தூரத்தில், லாரி தார்ப்பாய் இழுப்பதுபோல, ஒரே ஒரு சத்தம்.

“திரும்பலாம்மா,” என்றார் அப்பா.

“தாத்தா, வெயில் அடிக்குதே!”

மழை இன்னும் துவாஸ் பக்கம்தான் இருக்கிறது என்று இளையர்களில் ஒருவர் செயலியைக் காட்டினார். மோசமான வானிலையில் பாலத்தை மூடிவிடுவார்கள், அன்று இன்னும் மூடவில்லை. எனக்கு அப்பாமேல் எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் எழுபதை நெருங்குகிறவரைத் தனியே அனுப்ப முடியாது. மகளை இழுத்துக்கொண்டு ரேஞ்சர் நிலையத்துக்கு இறங்கினேன். இளையர்கள் பாலத்துக்குப் போனார்கள்.

அன்று அங்கே மழை பெய்யவில்லை.

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மேகம் வடக்கே நகர்ந்து உட்லண்ட்ஸ் பக்கம் கொட்டியதாகப் பிறகு தெரிந்தது. இளையர்கள் சிரித்த முகத்துடன் வந்து, பாலத்தின் நடுவில், பின்னால் அப்பர் பியர்ஸ் நீர்த்தேக்கம் தெரிய எடுத்த படங்களைக் காட்டினார்கள். மகள் பார்க்க மறுத்தாள். “மறுபடி போலாமா?” என்று நான் கேட்டபோது அவளுக்குக் கால் வலித்தது, எனக்குத் தண்ணீர் தீர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தும் அவள் தாத்தாவிடம் பேசவில்லை.

இரவு அப்பாவிடம் சற்றுக் கடுமையாகவே கேட்டேன், எதற்கு இவ்வளவு பயம் என்று. அவர் முப்பது ஆண்டு கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர். மின்னல் எச்சரிக்கை என்று சங்கு ஊதினால் கிரேன் நிற்கும், மேல்தளத்தில் இருப்பவர்கள் இறங்க வேண்டும்.

“பத்து தடவை சங்கு ஊதினா ஒன்பது தடவை ஒண்ணும் ஆகாது. திரும்ப ஏறுறப்ப சூப்பர்வைசர் மூஞ்சியைப் பார்க்கவே கூச்சமா இருக்கும். அதுக்காக இறங்காம இருக்க முடியுமா?” என்றார். பிறகு, “புள்ளைக்குத்தான் கஷ்டமாப் போச்சு,” என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

அந்தக் கூச்சம்தான் எனக்குப் புரிந்தது. பாலத்தின் வாயிலில் எனக்கு இடியைப் பற்றிக் கவலை இல்லை. இளையர்கள் முன்னால் பயந்தவளாகத் தெரிவேனே என்பதுதான் கவலை. நம்மில் பலர் திரும்பி நடக்காததற்குக் காரணம் துணிச்சல் இல்லை, இதுதான் என்று நினைக்கிறேன்.

கணக்கு எளியது. மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் கேட்டால் மின்னல் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது, ஒதுங்கிவிட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். காட்டுக்குள் மின்னல் கண்ணில் படாமல் இடி மட்டும் காதில் விழும், அப்போது எண்ணவே வேண்டாம். சுவரும் கூரையும் உள்ள கட்டடம் அல்லது மூடிய வாகனம்தான் ஒதுங்கும் இடம். தனித்து நிற்கும் உயரமான மரத்தடி கூடவே கூடாது.

இந்த ஆண்டு சென்ற சனிக்கிழமை போனோம். அப்பா, மகள், நான். விடியற்காலை சுமத்ரா பக்கமிருந்து பாய்ந்து வரும் புயல்காற்று ஏப்ரலில் தலைகாட்டத் தொடங்கும் என்பதால் ஐந்தரைக்கே எழுந்து மழை ராடாரைப் பார்த்தேன். தீவு சுத்தமாக இருந்தது. ஏழரைக்குக் காட்டுக்குள் இருந்தோம். பரோட்டா பிறகு.

அந்த நேரத்துக் காடு வேறு. முந்தைய நாள் மழையில் வேர்கள் வழுக்கின, இலை மக்கிய வாசனை. நீண்ட வாலின் நுனியில் இரண்டு துடுப்பு தொங்க ஒரு கரிச்சான் எங்கள் முன்னால் கிளைக்குக் கிளை தாவியது. ஸ்பீக்கரில் பாட்டு போட்டுக்கொண்டு நடக்கும் கூட்டம் இன்னும் எழுந்திருக்கவில்லை என்பது தனி மகிழ்ச்சி. வார இறுதியில் பாலம் எட்டரைக்குத் திறக்கும் (திங்கட்கிழமை மூடியிருக்கும், கவனம்). எட்டே முக்காலுக்கு மகள் அதன் நடுவில் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கம்பி வழியாகக் கீழே மர உச்சிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் வந்தவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

பன்னிரண்டு மணிக்கு அப்பர் தாம்சன் காப்பிக்கடையில் பரோட்டா முடிந்து எழும்போது தெருவில் இன்னும் வெயில். கட்டடங்களுக்குப் பின்னால் வானம் ஒரு முறை வெட்டியது.

மகள் உட்கார்ந்துவிட்டாள். விரல்விட்டு எண்ணினாள். “பதினெட்டு, தாத்தா.”

அப்பா இன்னொரு தே தாரிக் சொன்னார். எங்கள் பேருந்து எதிரே வந்து நின்று, கிளம்பிப் போனது.