சொல்லுக்கு ஒரு பெட்டி!

ஒரு கடைக்குப் பெயர் மாற்ற வேண்டும். பெயர்ப் பலகை ஆணியில் தொங்கினால் வேலை எளிது. பழையதைக் கழற்றலாம்; புதியதை மாட்டலாம். பெயரைச் சுவரிலேயே செதுக்கி இருந்தால்? சுவரை இடிக்க வேண்டும்!

கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

அதன் திரையில் "திற", "சேமி", "அழி" என்பன போன்ற சொற்கள் தோன்றுகின்றன. அவற்றைப் பார்த்துத்தான் மக்கள் வேலை செய்கிறார்கள். ஆங்கிலம் தெரியாத ஒரு கடைக்காரர், பொருள் புரியாமல் ஒரு பொத்தானை அழுத்தினால் அன்றைய கணக்கே அழிந்து போகலாம். ஆகவே, சொற்கள் அவரவர் மொழியில் இருக்க வேண்டும்.

கம்ப்யூட்டருக்கு இடும் கட்டளைகளின் தொகுப்புக்குப் "புரோகிராம்" என்று பெயர். சொற்களையும் அதற்குள்ளேயே எழுதி வைப்பது, சுவரில் செதுக்குவது போன்றது. ஒரு சொல்லை மாற்றவும் என்ஜினீயர் வர வேண்டும்.

தனிப் பெட்டி

இதற்கு வழி உண்டு. 1984-ல் வந்த மெக்கின்டாஷ் கம்ப்யூட்டரிலேயே, திரைச் சொற்களைக் கட்டளைகளில் இருந்து பிரித்து வைக்க வசதி இருந்தது. 1990-களில் "கெட்டெக்ஸ்ட்" என்ற முறை பரவியது.

இந்த முறையில் ஒரு பட்டியல் உண்டு. ஒரு வரியில் ஆங்கிலம். அடுத்த வரியில் தமிழ். இதை நிரப்ப என்ஜினீயர் தேவை இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஆசிரியர் செய்யலாம், மாணவர் செய்யலாம். ஒரு வரியை விட்டுவிட்டாலும் புரோகிராம் நின்றுவிடாது. அந்த இடத்தில் ஆங்கிலம் தோன்றும், அவ்வளவுதான்!

சொற்களை இப்படித் தனியே வைத்ததால்தான் "லிப்ரே ஆபீஸ்", "பயர்பாக்ஸ்" போன்றவை தமிழிலும் கிடைக்கின்றன.

துண்டு போடாதீர்!

ஆனால், பெட்டி மட்டும் போதாது. வாக்கியத்தை முழுதாக வைக்க வேண்டும். "கடிதத்தை அழிக்கவா?" என்று தமிழர் கேட்பார். ஆங்கிலத்திலோ "அழி" என்பது முன்னே வரும். "கடிதம்" பின்னே வரும். துண்டு துண்டாக வைத்து ஒட்டினால் தமிழ் தலைகீழாகி விடும்!

இன்னொரு பெட்டி

தாத்தாவுக்குப் பெரிய எழுத்து வேண்டும், தமிழ் வேண்டும். பேரனுக்குச் சிறிய எழுத்து போதும், ஆங்கிலம் வேண்டும். இந்த விருப்பங்களுக்கு, ஆளுக்கு ஒரு பெட்டி தனியே வேண்டும்.

அதிலும் ஓர் எச்சரிக்கை. "பெரிய" என்ற சொல்லையே குறித்து வைத்தால், நாளை மொழி மாறியதும் புரோகிராம் விழிக்கும். மாறாத ஓர் எண்ணைக் குறித்து வைக்க வேண்டும். சொல் மனிதனுக்கு, எண் யந்திரத்துக்கு!

வீடு கட்டி முடித்த பிறகு சுவரை இடிப்பது வீண் செலவு. புரோகிராம் எழுதுகிறவர்கள் முதல் நாளே இந்தப் பெட்டிகளைச் செய்து வைக்க வேண்டும்.

அவர்கள் ஆணியை அடித்து வைத்தால் போதும். தமிழ்ப் பலகையை மாட்டத் தமிழர்கள் இருக்கிறார்கள்!