கோழை வேறு, எச்சில் வேறு

அண்மையில் ஓர் அரசு மருத்துவமனையில் கண்டது இது. பல நாளாய் இருமி மெலிந்த முதியவர் ஒருவரிடம் சிறு குப்பியைக் கொடுத்துச் ‘சுபூட்டம்’ எடுத்துவரச் சொன்னார் மருத்துவர். முதியவர் விழித்தார். பக்கத்திலிருந்த பணியாளர், “எச்சிலைத் துப்பிக் கொடுங்கள், பெரியவரே” என்றார். அவ்வாறே வாயில் ஊறிய நீரைத் துப்பிக் கொடுத்துவிட்டுப் போனார். அந்நீரில் நோய் அகப்படாமற் போனால் பிழை எவருடையது?

என்புருக்கி நோயின் நுண்ணுயிரியைக் கண்டறிந்த செய்தியைச் செருமானிய அறிஞர் இராபர்ட்டு கோக்கு 1882 மார்ச்சு 24ஆம் நாள் பெர்லினில் வெளியிட்டார். நுரையீரலைப் பற்றிய அந்நோயைக் காண நுரையீரலிலிருந்து வருவதே வேண்டும். மூச்சுக்குழல்களின் உட்புறத்து நுண்மயிர்கள் ஓயாது அசைந்து, துகளும் நுண்ணுயிரும் ஒட்டிய வழுவழுப்பை மேல்நோக்கித் தள்ளுகின்றன. அது மிகுந்து கட்டும்போது இருமல் அதனை வெளியேற்றுகிறது. அதுவே கோழை. ஈளை என்றும் ஐ என்றும் அதற்குப் பெயருண்டு.

வாயில் ஊறுவது எச்சில். மூக்கில் ஒழுகுவது சளி. நெஞ்சில் கட்டுவதையும் சளி என்கிறோம். சளியும் நற்றமிழே எனினும், இவ்விடத்து அது ஐயத்துக்கு இடந்தரும். தொண்டையைத் துலக்குவது செருமல். அடித்தொண்டையிலிருந்து இழுப்பது காறல். நெஞ்சிலிருந்து எழுவதே இருமல். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியும் பிரித்தறிந்து வழங்கிய சொற்கள் இவை! இவை இருக்கக் கபம், சிலேட்டுமம் என வடசொற்களை ஏற்றினர். இன்று ஆங்கிலம் அவ்விடத்தில் அமர்ந்துள்ளது. ‘மருந்து’ பற்றிப் பாடிய வள்ளுவரோ, வாதம் என்னாது வளி என்றே சொன்னார்.

நோயின் பெயரிலும் இக்குழப்பமே. சுவரொட்டிகள் ‘காசநோய்’ என்கின்றன. வடமொழியில் காசம் என்பது வெறும் இருமல். புகை குடிப்பவனும் இருமுகிறான், புழுதியில் நடப்பவனும் இருமுகிறான். உடலை உருக்கும் கொடுமையை என்புருக்கி என்ற சொல்லன்றோ உணர்த்தும்?

சொல்லாய்வு சோறு போடுமா என்று நம்மை நகைப்போர் அம்முதியவரின் குப்பியைப் பார்க்கட்டும். நாம் கேட்பது பெரிதன்று. அக்குப்பியின்மேல் தமிழில் இவ்வளவு அச்சிட்டால் போதும்: “இரண்டு கிழமைக்குமேல் இருமல் இருப்பின் ஆய்வு செய்துகொள்க. விடியலில் எழுந்ததும் வாயைக் கொப்புளித்து, மூச்சை ஆழ இழுத்து, நெஞ்சிலிருந்து இருமிக் கோழையை இதில் உமிழ்க. எச்சில் வேண்டா.”