லைசென்ஸ் இருந்தாலும் கம்பி எண்ணணும்! வேறு தோட்டா போகிற மாதிரி ரிவால்வரை மாற்றினால் என்ன ஆகும்?

கையில் லைசென்ஸ் இருக்கிறது. அதில் 'பாயிண்ட் 32 ரிவால்வர்' என்று முத்திரையோடு எழுதியிருக்கிறது. துப்பாக்கியும் கடையில் பில் போட்டு வாங்கியதுதான். அப்புறம் எதற்குப் பயம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் சட்டம் வேறு கதை சொல்கிறது. அதே ரிவால்வரில் வேறு ரகத் தோட்டாவும் போகிற மாதிரி பட்டறையில் கொடுத்து வேலை செய்து வாங்கினால், அந்த லைசென்ஸ் காப்பாற்றாது. வேலை செய்து கொடுத்த தொழிலாளியின் கதி அதைவிட மோசம்.

எதற்காக மாற்றுகிறார்கள்?

லைசென்சில் எந்த ரகம் எழுதியிருக்கிறதோ அந்தத் தோட்டாவைத்தான் கடைக்காரர் கொடுப்பார். எத்தனை கொடுத்தார் என்பதும் கணக்கில் ஏறும். ஒரு ஆள் எவ்வளவு தோட்டா வைத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. கணக்கில் வராத தோட்டா எங்கிருந்தாவது கிடைத்தால் அதைப் போட்டுச் சுடலாமே என்ற நினைப்புதான் ஆசாமிகளை இந்த வேலைக்கு இழுக்கிறது. கணக்கில் வராத தோட்டா என்றாலே அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும்.

முத்திரையைப் பார்க்காத சட்டம்

இங்கேதான் விஷயமே இருக்கிறது. துப்பாக்கி மேல் என்ன எண் பொறித்திருக்கிறது என்பதோடு சட்டம் நின்றுவிடவில்லை. அதில் எந்தத் தோட்டா நுழைந்து வெடிக்கும் என்று பார்க்கிறது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தை ஒட்டி 1962-ல் விதிகள் வந்தன. பாயிண்ட் 380, பாயிண்ட் 455 தோட்டாவையோ, ராணுவத்தின் 9 மில்லிமீட்டர் தோட்டாவையோ போட்டுச் சுட முடிகிற 'எந்த அளவு' ரிவால்வரும், பிஸ்டலும் கெடுபிடியான முதல் வகை என்று அந்த விதிகள் கோடு போட்டன. ரைபிள் என்றால் பாயிண்ட் 303, 7.62 மில்லிமீட்டர்.

எல்லாமே ராணுவமும் போலீசும் புழங்கிய தோட்டாக்கள். சர்க்கார் தோட்டா தனியார் துப்பாக்கிக்குள் நுழையக் கூடாது என்பதுதான் கணக்கு. பொதுமக்களுக்கு பாயிண்ட் 32 ரிவால்வரும், பாயிண்ட் 315 ரைபிளும் என்று நம் நாட்டில் வழக்கமானது இதனால்தான். 2016-ல் புது விதிகள் வந்தன. ஆனாலும் 'தடை ரகம்', 'தடை இல்லாத ரகம்' என்ற பிரிவு போகவில்லை. தடை ரகம் வைத்திருக்க மத்திய அரசின் அனுமதி வேண்டும். அது சாமானியனுக்குக் கிடைக்கிற சமாச்சாரம் இல்லை.

வெள்ளைக்காரன் பயம்

இந்தப் பயம் நூறு வருஷத்துக்கும் மேல் பழசு. 1907-ல் இந்தியாவிலும் சூடானிலும் பாயிண்ட் 450 ரகத்துக்கு ஆங்கிலேய அரசு தடை போட்டது. பழைய மார்ட்டினி ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் அங்கே பலர் கையில் இருந்தன. யானை, புலி வேட்டைக்கு என்று வருகிற தோட்டா அவர்கள் கைக்குப் போய்விடுமோ என்று கலக்கம். லண்டன் கம்பெனிகள் சும்மா இருக்குமா? பாயிண்ட் 470, பாயிண்ட் 465 என்று புது அளவுகளைக் கொண்டுவந்து வியாபாரத்தைத் தொடர்ந்தன.

வேடிக்கை என்னவென்றால் தோட்டா மாற்றும் வேலையை அரசாங்கமே செய்தது. வங்காளத்தில் உள்ள இச்சாப்பூர் ஆலையில் பாயிண்ட் 303 ராணுவத் துப்பாக்கிகளைக் கடைந்து, ஒவ்வொன்றாகப் போட்டுச் சுடும் பாயிண்ட் 410 மஸ்கட்டாக்கி போலீசுக்குக் கொடுத்தார்கள். நம் ஆள் கையில் துப்பாக்கி இருக்கட்டும், பலம் மட்டும் வேண்டாம் என்ற புத்தி!

கை போய்விடும்

சட்டம் கிடக்கட்டும், உயிர் என்ன ஆவது? தோட்டா வெடிக்கும்போது உள்ளே பயங்கர அழுத்தம் உண்டாகும். ரிவால்வரின் சிலிண்டர் எந்தத் தோட்டாவுக்குச் செய்ததோ அந்த அழுத்தத்தைத்தான் நம்பித் தாங்கும். அமெரிக்காவில் 1935-ல் பாயிண்ட் 357 மேக்னம் தோட்டா வந்தபோது அதைப் பழைய பாயிண்ட் 38 ஸ்பெஷல் தோட்டாவைவிட வேண்டுமென்றே நீளமாகச் செய்தார்கள். பழைய ரிவால்வருக்குள் தப்பித் தவறிக்கூட முழுசாக நுழையக் கூடாது என்பதுதான் காரணம். அந்த நீளமே ஒரு பூட்டு.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இன்னொரு கூத்து. பிரிட்டிஷ் ராணுவம் கழித்துவிட்ட ரிவால்வர்களை வாங்கி, அமெரிக்கத் தோட்டா போகிற மாதிரி மாற்றி விற்றார்கள். இரண்டுக்கும் பெயர் 'பாயிண்ட் 38'தான். ஆனால் தோட்டாவின் சுற்றளவு வேறு. சுட்டால் தோட்டாக் கூடு பின்பக்கம் உப்பியது, பிளந்தது. நல்ல கம்பெனி இரும்புக்கே இந்தக் கதி என்றால், தெருமுனைப் பட்டறை வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். சிலிண்டர் சிதறினால் முதல் காயம் சுட்டவருக்குத்தான். பக்கத்தில் நிற்பவருக்கும் தப்பாது.

லேத் தொழிலாளிக்கு 10 வருஷம்

'யாரோ கொண்டுவந்தார், கூலிக்குச் செய்தேன்' என்று சொல்லித் தப்பிக்க வழி குறைவு. ஆயுதச் சட்டத்தின் 5-வது பிரிவு துப்பாக்கி தயாரிப்பதையும், ரிப்பேர் பார்ப்பதையும், மாற்றி அமைப்பதையும் ஒரே தட்டில் வைக்கிறது. எல்லாவற்றுக்கும் தனி லைசென்ஸ் வேண்டும். குழலை வெட்டிக் குட்டையாக்கினாலும், பொம்மைத் துப்பாக்கியை நிஜமாக்கினாலும் 6-வது பிரிவு பாயும்.

2019 டிசம்பரில் தண்டனையைக் கூட்டினார்கள். லைசென்ஸ் இல்லாமல் மாற்றிக் கொடுத்தால் குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். மாற்றிய பிறகு அது தடை ரகமாகிவிட்டால் குறைந்தது 10 வருஷம், அதிகபட்சம் ஆயுள். தடை ரகத்தை வைத்திருந்தவருக்கு 7 முதல் 14 வருஷம். கூலி வாங்கியவருக்கு, துப்பாக்கிக்குச் சொந்தக்காரரைவிடக் கூடுதல் என்பதைக் கவனிக்கணும். தடை ஆயுதத்தால் ஒருவர் இறந்தால் கட்டாயம் தூக்கு என்றுகூட ஒரு பிரிவு இருந்தது. அதை 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு செல்லாது என்று சொல்லிவிட்டது.

பிடிபட்டால் மறைக்கவும் முடியாது. துப்பாக்கி தடய அறிவியல் கூடத்துக்குப் போகும். நிபுணர் சிலிண்டரை அளந்து பார்ப்பார், சுட்டும் பார்ப்பார். கடைந்த இடத்தில் கருவி உரசிய தடம் இருக்கும். எந்தத் தோட்டா அதில் வெடிக்கிறது என்ற அவருடைய அறிக்கை கோர்ட்டில் பேசும்.

தாத்தா வைத்துப்போன துப்பாக்கி

தப்பே செய்யாத குடும்பமும் மாட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. லைசென்ஸ்காரர் இறந்து போகிறார், பீரோவில் துப்பாக்கி கிடக்கிறது, பிள்ளைகள் அப்படியே விட்டுவிடுகிறார்கள். அவர் அதில் என்ன வேலை பார்த்து வைத்தார் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. வைத்திருக்கும் உரிமை போனதும் தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ, லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. ஒப்படைத்ததற்கு ரசீதை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொள்ளணும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம், கிடைத்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் விற்கவும் வழி உண்டு. அதுவரை அதை எந்தப் பட்டறைக்கும் எடுத்துப் போகக் கூடாது, துருவைச் சுத்தம் பண்ணக்கூட.