இன்சுலினை ஏன் பெரிய பெட்டியில் போடுகிறீர்கள்?

அமெரிக்காவில் மகளுக்குப் பிரசவம். அம்மா கிளம்புகிறாள். வீட்டில் ஒரு மாதமாகவே அமர்க்களம்தான். சாம்பார் பொடி, இட்லி மிளகாய்ப் பொடி, பிரசவ லேகியம், வடகம், பிறக்கப் போகிற குழந்தைக்கு வெள்ளிக் கொலுசு... பெட்டி 23 கிலோவைத் தாண்டக் கூடாதே என்று தூக்கித் தூக்கித் தராசில் வைத்துப் பார்க்கிறார்கள். எல்லாம் முடிந்து பூட்டப் போகும்போது, "அம்மாவோட மருந்தெல்லாம் எங்கே வெக்கறது?" என்று ஒரு கேள்வி வரும்.

உடனே, நாலு தடவை வெளிநாடு போய் வந்த ஒருவர் சொல்வார்: "கையிலே எடுத்துட்டுப் போனா ஏர்போர்ட்லே பிடுங்கிப்பான். தண்ணி மாதிரி எதையும் விடமாட்டான். பேசாம பெரிய பெட்டியிலே போட்டுடுங்க!"

அவ்வளவுதான். இன்சுலின், ஊசி, பி.பி. மாத்திரை, கண் சொட்டு மருந்து எல்லாம் வடகத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடும்.

எனக்கு இதில் கடுமையான ஆட்சேபம் உண்டு. விமான நிலையப் பாதுகாப்பு விதிகளைப் பற்றி நம் வீடுகளில் பாதி தெரிந்து வைத்திருக்கிறோம். "100 மில்லிக்கு மேல் கூடாது" என்கிற பாதி எல்லாருக்கும் மனப்பாடம். "மருந்துக்கு அது பொருந்தாது" என்கிற மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. அந்தப் பாதி தெரியாததால் கஷ்டப்படுவது சர்க்கரை நோயாளிகளும் வயதானவர்களும்தான்.

இந்த 100 மில்லி எங்கிருந்து வந்தது தெரியுமா? 2006 ஆகஸ்ட் 10. லண்டனிலிருந்து அமெரிக்கா, கனடா போகும் விமானங்களை நடுவானில் தகர்க்க ஒரு கூட்டம் திட்டம் போட்டது பிடிபட்டது. குளிர்பான பாட்டில்களில் திரவ வெடிபொருளை நிரப்பி எடுத்துப் போவதாகத் திட்டம். அன்று காலையிலிருந்து பிரிட்டனில் கைப்பையே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பர்ஸ், பாஸ்போர்ட் மாதிரி அத்தியாவசியமான சிலவற்றை மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்கள் ஜனங்கள்.

அப்படிப்பட்ட நாளிலும் சர்க்கரை நோயாளியின் மருந்துப் பையை அனுமதித்தார்கள். திரவ மருந்தென்றால், அது நிஜமாகவே மருந்துதானா என்று சரிபார்த்து விட்டார்கள். கைக்குழந்தையின் பாலையும் தடுக்கவில்லை. "ஒரு வாய் நீங்க குடிச்சுக் காட்டுங்க" என்று தாயிடம் சொல்லிவிட்டு அனுப்பினார்கள். உலகமே நடுங்கிக் கொண்டிருந்த அன்றைக்கே மருந்துக்கு வழி விட்டார்கள் என்றால், இன்றைக்கு மட்டும் பிடுங்கி விடுவார்களா?

சில வாரங்கள் கழித்து அந்த முழுத் தடை தளர்ந்தது. செப்டம்பர் கடைசியில் அமெரிக்காவும், நவம்பரில் ஐரோப்பாவும் இப்போது நாம் அறிந்த விதிக்கு வந்தன. ஒவ்வொரு பாட்டிலும் 100 மில்லிக்குள், எல்லாம் சேர்த்து ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பைக்குள். இதில் ஒரு சூட்சுமம்: பாட்டிலின் கொள்ளளவுதான் கணக்கு. 200 மில்லி தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடியில் இரண்டு ஸ்பூன்தான் மிச்சம் என்றாலும் அது 200 மில்லி பாட்டில்தான். அதே மாதிரி, நெய், ஊறுகாய், தயிர், லேகியம் எல்லாமே அவர்கள் அகராதியில் திரவம். "இது கெட்டியாச்சே சார்" என்று வாதாடிப் பிரயோஜனமில்லை. இவையெல்லாம் தாராளமாகப் பெரிய பெட்டிக்குப் போகட்டும். பொடி வகையறாவும்தான். 2018 ஜூன் கடைசியிலிருந்து, அமெரிக்கா செல்லும் விமானங்களில் கைப்பையில் 350 மில்லி அளவுக்கு மேல் பொடி இருந்தால் தனியாகச் சோதிக்கிறார்கள். அதில் திருப்தி இல்லாவிட்டால் உள்ளே விடுவதில்லை. மிளகாய்ப் பொடியைக் காப்பாற்றக் கைப்பையில் வைத்து, அங்கே போய் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆனால் மருந்து கையில்தான் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்?

முதல் காரணம், இன்சுலின் ஒரு புரதம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். திறந்து போட்டுக்கொண்டிருப்பது பெரும்பாலும் நாலு வாரம் வரை சாதாரண அறைச் சூட்டைத் தாங்கும். அதிக வெயில் பட்டாலும் கெடும். உறைந்து போனாலும் கெடும். உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்ப்பதற்கு நல்லதாகவே தெரியலாம். வேலை செய்யுமா என்பதை நம்ப முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான். விமானத்தின் அடிவயிற்றில் இருக்கும் பெட்டி எவ்வளவு குளிரில் போகிறது, வளைகுடா விமான நிலையத்தில் இறக்கி வைத்த வண்டியில் எவ்வளவு வெயிலில் நிற்கிறது என்பதெல்லாம் நம் கையில் இல்லை. நாம் இருக்கிற கேபின் நமக்குச் சௌகரியமாக இருந்தால் இன்சுலினுக்கும் சௌகரியம்தான்.

இரண்டாவது காரணம் இன்னும் சாதாரணமானது. பெட்டி வராமல் போகலாம். எனக்குத் தெரிந்த ஒரு மாமி, எழுபதை நெருங்குகிறவர், மகனைப் பார்க்கப் போய் இறங்கினார். பெட்டி வந்து சேர மூன்று நாள் ஆயிற்று. புடவைக்கு அவர் கவலைப்படவில்லை, மருமகள் நைட்டி கொடுத்தாள். மாத்திரைக்கு என்ன செய்வது? அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் பி.பி. மாத்திரை தரமாட்டார்கள். டாக்டரைப் பார்க்க அப்பாயின்ட்மென்ட். அதற்குப் பணம் எவ்வளவு என்று மகன் கடைசி வரை அம்மாவிடம் சொல்லவே இல்லையாம்!

நம் தெருமுனை மெடிக்கல் ஷாப்பில் "அந்த மஞ்சள் மாத்திரை பத்து குடுப்பா" என்று கேட்டு வாங்கிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கம் மீனம்பாக்கத்தைத் தாண்டிச் செல்லாது. டோலோ என்றால் சிகாகோவில் யாருக்கும் புரியாது. பாரசிட்டமாலுக்கே அங்கே அசிட்டமினோஃபென் என்றுதான் பெயர்.

அதனால்தான் டாக்டர் கடிதம் முக்கியம். இங்கே நம் டாக்டர்களையும் கொஞ்சம் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் மூன்று மாத மருந்தை எழுதித் தருகிறார்கள், சரி. அந்தச் சீட்டை அவரும் அவருடைய மெடிக்கல் ஷாப்காரரும் தவிர வேறு யாரால் படிக்க முடியும்? பிராங்ஃபர்ட்டில் நிற்கிற பாதுகாப்பு அதிகாரியால் முடியுமா? லெட்டர்ஹெட்டில் ஆங்கிலத்தில் டைப் செய்து, என்ன நோய், மருந்தின் மூலப்பெயர், ஒரு நாளைக்கு எவ்வளவு, ஊசி கூடவே இருக்க வேண்டும் என்று ஒரு வரி, கையெழுத்து, முத்திரை. பத்து நிமிஷ வேலை. இதையும் வைத்தியத்தின் ஒரு பகுதியாக டாக்டர்கள் நினைக்க வேண்டும். நீங்களும் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய சிக்கல். பெயர்! ஆஸ்பத்திரி ஃபைலில் "சரஸ்வதி அம்மாள்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் கணவர் பெயரோ அப்பா பெயரோ சேர்ந்து முழ நீளத்துக்கு இருக்கும். இரண்டும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், எதிரே நிற்பவருக்குத் தெரியாது. கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதச் சொல்லுங்கள். மாத்திரைகளையும் அட்டையைப் பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். அட்டையோடு இருக்கட்டும்.

வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் இன்னும் ஒரு படி கவனமாக இருக்க வேண்டும். டிரமடால், கோடீன் கலந்த வலி மாத்திரைகளும் இருமல் மருந்துகளும் ஐக்கிய அரபு நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. முன்கூட்டியே அனுமதி வாங்காமல் கொண்டு போனால் வம்பு பெரியது. அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லி மாற்று மருந்து கேளுங்கள்.

சரி, சோதனைக்கு வரிசையில் நிற்கிறீர்கள். என்ன செய்ய வேண்டும்? மருந்துப் பையைத் தனியே வெளியே எடுத்து, நீங்களாகவே, "மெடிசின், இன்சுலின்" என்று சொல்லிவிடுங்கள். அவர்களாகக் கண்டுபிடித்துக் கேட்கிற வரைக்கும் காத்திருக்காதீர்கள். இரண்டே வார்த்தை, எந்த ஊரிலும் புரியும். அமெரிக்காவில் மருந்துத் திரவம் 100 மில்லிக்கு மேலே இருந்தாலும் பயணத்துக்குத் தேவையான அளவு என்றால் விடுகிறார்கள். குளிர்ச்சிக்கு வைத்திருக்கிற ஜெல் பொட்டலத்தையும் அனுமதிக்கிறார்கள். இந்தியாவிலும் இன்சுலின், இன்ஹேலர், குழந்தை உணவு இவற்றுக்கு விலக்கு உண்டு. சீட்டு கேட்டால் காட்ட வேண்டும். ஐஸ் பொட்டலம் நேராக இன்சுலினில் படாமல் ஒரு துணி சுற்றி வையுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்கினால் சாப்பிட மிட்டாயோ குளுக்கோஸ் பிஸ்கட்டோ இருக்கட்டும். அது திரவமில்லை, யாரும் கேட்க மாட்டார்கள்.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மெட்டல் டிடெக்டர் வளைவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சாதாரணமாக நடந்து கடந்து போனால் ஒன்றும் ஆகாது. அதன் அடியில் நின்று கதை பேசக் கூடாது, கையில் வைத்துத் தடவுகிற கருவியை நெஞ்சுக்கு மேலேயே வைத்திருக்க விடக் கூடாது. பேஸ்மேக்கர் வைத்தபோது கொடுத்த கார்டை முதலிலேயே காட்டிவிட்டால், கையால் சோதித்து அனுப்பி விடுவார்கள். உடம்பில் இன்சுலின் பம்ப், சர்க்கரை பார்க்கும் சென்சார் ஒட்டியிருப்பவர்கள் அந்தக் கம்பெனியின் குறிப்பைப் படித்துவிட்டுப் போவது நல்லது. சில வகைகளை எக்ஸ்ரே கருவிக்குள்ளோ ஸ்கேனருக்குள்ளோ விடக் கூடாது என்கிறார்கள். காது கேட்கும் கருவியைக் கழற்ற வேண்டியதே இல்லை. கழற்றினால் அதிகாரி சொல்வது எப்படிக் கேட்கும்?

மின்சாதனம் என்றதும் பவர் பேங்க் ஞாபகம் வருகிறது. இதில் விதி தலைகீழ். பெரிய பெட்டியில் போடவே கூடாது. கையில்தான் இருக்க வேண்டும். இதற்குள் இருக்கும் லித்தியம் பேட்டரி சூடேறித் தீப்பிடித்தால், கேபினில் சிப்பந்திகள் ஓடி வந்து தண்ணீர் ஊற்றி அணைக்கலாம். அடியில் பிடித்தால் யார் போய் அணைப்பது? 2025 ஜனவரியில் தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் ஏர் பூசான் விமானம் ஒன்று கிளம்புவதற்கு முன்பே தீப்பிடித்தது. உள்ளே இருந்த அத்தனை பேரும் தப்பினார்கள். பவர் பேங்க் காரணமாக இருக்கலாம் என்று விசாரணையில் சொன்னார்கள். அதற்குப் பிறகு பல கம்பெனிகள் கெடுபிடியைக் கூட்டிவிட்டன. 100 வாட் ஹவர் வரை சாதாரணமாக அனுமதி. 20,000 என்று போட்டிருக்கிற பவர் பேங்க் ஏறக்குறைய 74தான் வரும், பயமில்லை. எண் அழிந்து போன பழசை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தூக்கத்தில் மூச்சுத் திணறலுக்காக சீபேப் கருவி பயன்படுத்துகிறவர்கள் அதையும் கையோடுதான் கொண்டு போக வேண்டும். சோதனைக்கு உறையிலிருந்து வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள்.

இப்போது அதிகாரிகள் பக்கமும் ஒரு வார்த்தை. கத்தி கூடாது, கத்தரிக்கோல் கூடாது, தண்ணீர் கூடாது என்று படம் போட்டுப் பெரிய பெரிய போர்டு வைக்கிறீர்களே, "மருந்து கொண்டு போகலாம், எங்களிடம் சொல்லுங்கள்" என்று ஒரு போர்டு, பளிச்சென்று, தமிழில், வரிசை ஆரம்பிக்கும் இடத்திலேயே வைத்தால் என்ன? முதல் தடவையாக விமானம் ஏறுகிற ஒரு பாட்டி அதைப் படித்துவிட்டுத் தைரியமாக நிற்பாள். கூடாதவற்றின் பட்டியலை மட்டும் காட்டிக்கொண்டே இருந்தால் ஜனங்கள் பயந்துபோய், தேவையானதையும் ஒளிக்கத்தான் செய்வார்கள்.

கடைசியாக, கேட்டில் நடக்கிற ஒரு விஷயம். விமானம் நிரம்பி, மேலே இடமில்லை என்று உங்கள் சக்கரம் வைத்த கைப்பையைச் சிப்பந்தி வாங்கிக்கொண்டு போய் அடியில் போட்டுவிடுவார். இவ்வளவு பத்திரமாகக் கொண்டு வந்த இன்சுலினும் பவர் பேங்கும் அதற்குள்ளே! ஆகவே மருந்துப் பை ஒன்று சின்னதாக, தோளில் மாட்டுகிற மாதிரி, தனியாகவே இருக்கட்டும். அதை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். உட்கார்ந்ததும் மேலே வைக்காமல் முன் சீட்டுக்கு அடியில் வையுங்கள். வீல்சேரில் போகிறவர்கள் தள்ளுகிறவரின் கையில் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு காலி எவர்சில்வர் பாட்டிலும் இருக்கட்டும். சோதனை முடிந்த பிறகு உள்ளே குழாயில் பிடித்துக்கொள்ளலாம். தண்ணீரைப் பிடுங்கி விட்டார்களே என்று பதினாறு மணி நேரம் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.